ஹட்டனில் கறுப்புக் கோட் போட்டால் முதல் வருஷம் கையில் என்ன நிற்கும்?

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்த தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் இது. சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சை பாஸ், ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சியும் முடிந்தது, இன்னும் சில வாரங்களில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அப்பாவால் இப்போது வேலை செய்ய முடியாது, அம்மா கொழுந்து எடுக்கிறார், தம்பி ஏ.எல். படிக்கிறான். "முதல் வருஷம் மாசம் எவ்வளவு வரும், கொழும்பிலேயே நிக்கவா ஹட்டனுக்கு வரவா, வீட்டுக்கு ஒழுங்கா காசு கொடுக்க எத்தனை வருஷம் ஆகும்" என்று கேட்டிருக்கிறார். நான் மலையகத்துக் கோர்ட்களில் தொழில் செய்கிறவன். எனக்குத் தெரிந்த பக்கத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதல் வருஷத்துக்கு மாதம் இவ்வளவு என்று அடித்துச் சொல்லக்கூடிய தொகை கிடையாது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை மாதிரி ஊர்களில் ஒரு சீனியரிடம் சேர்ந்தால் அவர் தருவது அவருடைய மனசைப் பொறுத்தது. ஜூனியருக்கு இவ்வளவு கொடு என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தனியார் துறையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஜூனியர் லோயரை யாரும் ஊழியராக எடுப்பதில்லை, அதனால் அந்தச் சட்டமும் வராது, ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி) எதுவும் வராது. முதல் ஆறு மாதத்தில் அந்த 30,000ஐத் தொடாத மாதங்கள்தான் அதிகம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். உங்க அம்மாவின் நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது, 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,750 ஆக்குவதாகச் சொன்னார்கள். பழைய கணக்கிலேயே மாதம் 20 பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர்) விழுந்தால் 27,000. அம்மா மலையில் எடுப்பதைவிட, கோட் போட்ட மகள் சில மாதங்களில் குறைவாகத்தான் கொண்டு வருவார். இதை வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் சத்தியப்பிரமாணப் போட்டோவைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு இருப்பார்கள், கல்யாண வீட்டு மொய்யிலிருந்து கோயில் திருவிழா ரசீது வரைக்கும் எல்லாவற்றிலும் உங்கள் பெயருக்கு நேரே பெரிய தொகையை எதிர்பார்ப்பார்கள்.

சரி, காசு எந்த வழியால் வருகிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் எவ்வளவு என்ற கேள்விக்கு நீங்களே பதில் போட்டுக்கொள்ளலாம்.

சீனியர் தருவது முதல் வழி. சிலர் மாதக் கணக்கில் தருவார்கள், பலர் கோர்ட் நாளுக்கு இவ்வளவு என்று பின்னேரம் கையில் வைப்பார்கள், சிலர் சாப்பாட்டையும் பஸ் காசையும் பார்த்துக்கொண்டு வேலை பழகுவதே பெரிய விஷயம் என்பார்கள். அதற்கு நீங்கள் செய்கிற வேலை எப்படிப்பட்டது என்றால், சீனியர் அன்றைக்கு நுவரெலியா மேல் நீதிமன்றத்தில் ஒரு விளக்கத்தில் (சாட்சிகளோடு நடக்கிற முழு விசாரணையில்) நிற்பார், ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் அவருடைய ஏழு எட்டு வழக்குகள் உங்கள் தலையில். ஒன்றில் தவணை (அடுத்த திகதி) மட்டும் கேட்க வேண்டும், இன்னொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டுகிறார்கள், மற்றதில் சாட்சி வந்திருக்கிறது, ஆனால் சீனியர் இல்லை. நீதவான் நிமிர்ந்து பார்த்து, சாட்சி பொகவந்தலாவையில் இருந்து மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார், ஏன் இன்றைக்கு நடத்த முடியாது என்று சிங்களத்தில் கேட்பார். அந்த இடத்தில் இரண்டு வசனம் மரியாதையாகவும் தெளிவாகவும் சொல்லத் தெரிந்த ஜூனியரை அந்த மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் கவனிப்பார்கள், முக்கியமாகப் பின் வாங்கில் உட்கார்ந்திருக்கிற கட்சிக்காரர்கள். வெளியே வந்ததும் ஒருவர் மெதுவாகக் கிட்ட வந்து "லோயர் அம்மா, என் தம்பிக்கு ஒரு கேஸ்" என்பார். உங்கள் சொந்த வருமானம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சிங்களத்தில் என்று சொன்னதைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள்தான், ஆனால் வடக்கு கிழக்குக்கு வெளியே வழக்கேடு சிங்களத்தில் ஓடுகிறது. தமிழ்க் கட்சிக்காரருக்குக் கோர்ட் மொழிபெயர்ப்பாளரான முதலியார் மொழிபெயர்த்துச் சொல்வார், அது கட்சிக்காரருடைய உரிமை. லோயருக்கு அந்தச் சலுகை எடுபடாது. முறைப்பாட்டை வாசிக்க, பொலிஸ் அறிக்கையில் ஒரு வரி எங்கே நழுவியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, மோஷன் எழுத, குறுக்குக் கேள்வி கேட்க சிங்களம் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள்தான் அதிகம், அதனால் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் வாதாடக்கூடியவருக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமே வராது. சிங்களம் பேச மட்டும் தெரிந்து எழுதத் தெரியாமல் வருகிற பிள்ளைகள் இரண்டு வருஷம் தவணை கேட்கிற ஆளாகவே இருந்துவிடுகிறார்கள். வருமானத்தில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிற விஷயம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை, உங்கள் வகுப்பும் புள்ளியும் உட்பட.

சொந்த வழக்குகள் என்று முதலில் வருவது எல்லாம் சின்னது. பிணை விண்ணப்பம், கசிப்பு வழக்கு, சண்டை சச்சரவு, தோட்டத்து மரம் வெட்டியது, அப்புறம் தாபரிப்பு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் போடுகிற வழக்கு அது. மலையகத்தில் இது நிறைய. கணவன் கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை, காசு அனுப்புவதை நிறுத்திவிட்டார், மனைவி இரண்டு பிள்ளைகளோடு லயத்தில். இதில் கட்டணம் பெரிதாக வாங்க முடியாது, வாங்கவும் மனசு வராது, ஆனால் ஒழுங்காகச் செய்து கொடுத்தால் அந்த ஒரு தோட்டமே உங்களைத் தேடி வரும்.

சத்தியக் கடதாசி வேலை தனி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். தோட்டத்து ஆட்களின் ஆவணங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி அம்மாள், ஈ.பி.எஃப். அட்டையில் வெறும் லெச்சுமி, தகப்பன் பெயரின் முதலெழுத்து மூன்று இடத்தில் மூன்று விதம். ஓய்வு பெறும்போது அல்லது ஆள் இறந்த பிறகு காசு எடுக்கப் போனால் மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டும். கடதாசியை எழுதித் தருகிறவர், சத்தியம் செய்வித்துக் கையெழுத்து வைக்கிற சத்தியப்பிரமாண ஆணையாளர், கந்தோரில் இதை ஏற்பார்களா என்று தெரிந்து சொல்கிறவர், எல்லாம் லோயர்தான். ஒன்றுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். ஆனால் அன்றைக்கே கிடைக்கும், கடன் சொல்ல மாட்டார்கள். இங்கிலிஷும் கைகொடுத்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் நியமனத்துக்கும் முயற்சி செய்யுங்கள், வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ் வேலை ஓயாமல் வரும்.

இப்போது ஒரு மாதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஊருக்கு ஊர், சீனியருக்குச் சீனியர் மாறும். சீனியர் கோர்ட் நாளுக்கு 1,000 தருகிறார், 20 நாள், ஆக 20,000. உங்கள் சொந்தச் சின்ன வழக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் 3,000, ஆக 12,000. ஒரு தாபரிப்பு வழக்குக்கு 8,000 பேசினீர்கள், கைக்கு வந்தது 5,000. சத்தியக் கடதாசி பத்து, 500 வீதம் 5,000. மொத்தம் 42,000. பரவாயில்லையே என்று தோன்றும். மஸ்கெலியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனால் ஒரு செலவு, ஹட்டனில் அறை எடுத்தால் வேறு செலவு. அறை 12,000, சாப்பாடு 15,000, போக்குவரத்து 5,000, போட்டோ பிரதி, டைப்பிங், போன் எல்லாம் 3,000 என்று வைத்தால் 35,000 போய்விட்டது. மிச்சம் 7,000. அடுத்த மாதம் ஏப்ரல் என்று வையுங்கள், சித்திரைப் புத்தாண்டுக் கோர்ட் விடுமுறை, வேலை நாள் பாதி, சீனியரின் நாள் காசும் பாதி, அறை வாடகை மட்டும் முழுசு. ஆகஸ்ட்டும் டிசம்பரும் இதே கதை. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போடாமல் பத்தரை மாதம் என்று போட்டால் ஏமாற மாட்டீர்கள்.

இன்னொன்று, மலையகத்தில் காசுக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. தோட்டச் சம்பளம் மாதம் பத்தாம் திகதியை ஒட்டி வரும், இடையில் அட்வான்ஸ். பத்துக்குப் பிறகு வருகிற தவணைக்குக் கட்சிக்காரர் சிரித்துக்கொண்டு வருவார், ஐந்தாம் திகதித் தவணைக்கு "அடுத்த முறை தந்திர்றேன் அம்மா" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கையில் இல்லை. கோர்ட் இதைப் பார்த்துத் தவணை போடாது. அதனால் கட்டணத்தை இரண்டாகப் பிரித்துப் பேசப் பழகுங்கள். வழக்கை எழுதிப் பதிவதற்கு ஒரு தொகை, அது முன்னால், முழுதாக. பிறகு தவணைக்கு இவ்வளவு, தள்ளிப்போன தவணைக்குப் பாதி. எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகத் தாருங்கள் என்று விட்டால் வராது, வழக்கு வென்றாலும் வராது, தோற்றால் கேட்கவே வேண்டாம். வாங்கினதற்குத் துண்டு எழுதிக் கொடுங்கள். ஒரு பில் புத்தகம் 200 ரூபாயோ என்னவோ, அது இல்லாமல் எத்தனை கோணல்கள் வருகின்றன என்று கோர்ட் வராந்தாவில் ஒரு வாரம் நின்று பார்த்தால் புரியும்.

அடுத்தது நொத்தாரிசு, அதாவது காணி உறுதி (பத்திரம்) எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நியமனம். இது கட்டாயம். சத்தியப்பிரமாணம் செய்த உடனே நியமனத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், வழக்கு நன்றாகப் போனால் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் வந்ததிலிருந்து இந்த நாட்டில் காணி கைமாறினால் நொத்தாரிசு முன்னால் உறுதி எழுத வேண்டும். (அதே 1840இல் வந்த 12ஆம் இலக்கச் சட்டம்தான் மலைநாட்டுக் காட்டையெல்லாம் முடிக்குச் சொந்தம் என்று எடுத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு வழி விட்டது. நம்முடைய பரம்பரைக் கதையே அங்கிருந்துதான்.) ஊர் லோயர் ஒருவருக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிற காசில் பெரிய பங்கு உறுதியிலிருந்து வருகிறது. வழக்கு போல இது தள்ளிப் போகாது, வாங்குகிறவரும் விற்கிறவரும் வந்து கையெழுத்து வைத்தால் அன்றைக்கே கட்டணம்.

ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு முட்டு இருக்கிறது. தோட்டத்து ஆட்களிடம் காணி இல்லை. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது, நிலம் அரசினுடையது. லயத்துக்கு உறுதி இல்லை, விற்க வாங்க முடியாது, அடகு வைக்க முடியாது. 7 பேர்ச் வீட்டுத் திட்டங்களில் காணி உரிமைப் பத்திரம் கொடுத்தாலும் அதை அரசாங்கம் நேரடியாகக் கொடுக்கிறது, நொத்தாரிசுக்கு அதில் வேலை இல்லை. ஆக உங்கள் வழக்குக் கட்சிக்காரர் தோட்டத்தில், உறுதிக் கட்சிக்காரர் டவுனில். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, கம்பளைக் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், கொழும்பில் உழைத்து டவுனோரம் துண்டுக் காணி வாங்குகிற நம்ம பிள்ளைகள், சிங்களக் கிராமத்துக் காணிக்காரர்கள். இரண்டு கூட்டத்தோடும் பழக வேண்டும்.

உறுதியில் புதியவர்கள் மாட்டிக்கொள்கிற ஒரு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 20 இலட்சம் ரூபாய்க் காணி என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை முதல் 100,000க்கு 3%, அதாவது 3,000. மிச்சம் 19 இலட்சத்துக்கு 4%, அதாவது 76,000. மொத்தம் 79,000, அது மாகாணத்துக்குப் போகிற காசு. உங்கள் கட்டணம் அதற்கு மேலே, பெறுமதியைப் பார்த்துப் பேசுவது வழக்கம். கட்சிக்காரருக்கு இந்த இரண்டும் ஒன்றுதான், "லோயர் ஒரு லட்சம் எடுத்துட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்வார். எது தீர்வை, எது கட்டணம் என்று முதல் நாளே தாளில் எழுதிக் காட்டுங்கள், தீர்வைக் காசை உங்கள் செலவுக் காசோடு ஒரு நாள்கூடக் கலக்காதீர்கள். அப்புறம் அந்த மாதத்து உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன்னால் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், அது நொத்தாரிசின் கடமை, சாக்குச் சொல்ல முடியாது.

கண்டிப் பக்கக் காணி என்றால் இன்னும் ஒரு கண் வையுங்கள். கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர் நன்கொடை உறுதியாகக் கொடுத்த காணியை, திரும்பப் பெறுகிற உரிமையைக் கைவிடுகிறேன் என்று உறுதியிலேயே எழுதியிருந்தால் தவிர, பொதுவாக அவர் உயிரோடு இருக்கும்வரை ரத்துச் செய்யலாம். முந்தைய உறுதி அப்படி ஒரு நன்கொடையா, கொடுத்தவர் இருக்கிறாரா என்று பார்க்காமல் எழுதிக் கொடுத்தால் வாங்கினவர் ஐந்து வருஷம் கழித்து உங்கள் வாசலில் நிற்பார். பதிவகத்தில் ஏடு பார்க்கிற வேலையைப் புரோக்கரிடம் விடாதீர்கள். முதல் வருஷத்தில் உங்களிடம் நேரம் மட்டும்தான் நிறைய இருக்கும், அதை அங்கே செலவழியுங்கள். சில வருஷம் இப்படிக் கை சுத்தமாக உறுதி எழுதினால்தான் வங்கிகளின் உரித்துப் பரிசோதனை, அடமான முறி வேலை எல்லாம் எட்டும். மலையக லோயர் ஒருவருக்கு மாதச் சம்பளம் போல ஏதாவது உண்டென்றால் அது அந்த வங்கி வேலைதான்.

வேலை நீக்க வழக்குகளைக் கேட்கிற தொழில் நியாய சபை பற்றிப் பலருக்குப் பெரிய கற்பனை. தோட்டம் நிறைந்த ஊர், தொழிலாளர் வழக்குகள் கொட்டும் என்று நினைப்பார்கள். கொட்டுகிறதுதான், ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியும் தொழிலாளிக்காக நின்று பேசலாம். சந்தா கட்டுகிற தொழிலாளி சங்கத்தைத்தான் கேட்பார், ஏன் உங்களுக்குத் தனியாகக் காசு தர வேண்டும்? உங்களுக்கு வருவது சங்கத்தோடு கோபித்துக்கொண்டவர்கள், உத்தியோகத்தர்கள், கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை இழந்தவர்கள், அப்புறம் மேன்முறையீடுகள். வேலை நிறுத்தப்பட்டு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, ஏழாம் மாதம் வந்து நிற்பார்கள். காசு என்று பார்த்தால் சுமார், பெயர் என்று பார்த்தால் நல்லது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு இறந்த தொழிலாளி கோவிந்தனின் மனைவிக்காக விசாரணை ஆணைக்குழுவில் இடதுசாரித் தலைவரும் லோயருமான கொல்வின் ஆர். டி சில்வா நின்றதை இன்றைக்கும் மலையகத்தில் பேசுகிறார்கள். அதற்கு அவர் என்ன வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் வழக்குகள், மேல் நீதிமன்றத்தில் லோயர் வைக்க வசதியில்லாத, குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்காக நீதிமன்றம் உங்களை நியமிக்கிற வழக்குகள், இரண்டையும் கிடைத்தால் விடாதீர்கள். அரசு தருகிற தொகை சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. ஆனால் ஒரு முழு விளக்கத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் உங்கள் பெயரில் நடத்துவீர்கள், சீனியரிடம் அந்த வாய்ப்பு வர நாலு வருஷம் ஆகலாம்.

இப்போது கொழும்பா ஹட்டனா. கொழும்பில் சட்ட நிறுவனம், வங்கி, லீசிங், காப்புறுதிக் கம்பனி என்று சம்பள வேலை இருக்கிறது, மாதம் முடிந்தால் காசு கணக்கில் விழும், ஈ.பி.எஃப். உண்டு. இங்கிலிஷ் நன்றாக எழுதத் தெரிந்தால்தான் உள்ளே போகலாம், இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசாங்கத்தில் சட்ட உத்தியோகத்தர், சட்டமா அதிபர் திணைக்களம் என்று வழிகள் உண்டு, ஆனால் அழைப்பு எப்போது வரும் என்று காத்திருக்க முடியாது, வந்தால் விண்ணப்பிப்பது, வராத காலத்தில் வேறு வேலை. புதுக்கடைக் கோர்ட்டில் ஒரு பெரிய சீனியரிடம் ஜூனியராக இருப்பது வேறு விஷயம். அங்கேயும் நாள் காசுதான், ஆனால் அறை வாடகை கொழும்பு வாடகை. பெயர் கிடைக்கும், சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டு நிலைமைக்கு அது சரிவராது என்று நேரடியாகவே சொல்கிறேன்.

சம்பள வேலையில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு வருஷம் வேலை செய்து காசு சேர்த்துக்கொண்டு ஊருக்கு வந்து தொழில் தொடங்கலாம் என்று நினைப்பீர்கள். கோர்ட்டில் இரண்டு வருஷம் நின்றவருக்குக் கிடைக்கிற முகப் பழக்கம் உங்களுக்கு இருக்காது, திரும்பவும் பூச்சியத்திலிருந்து. அதற்குள் லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிளோ காரோ வந்திருக்கும், மாதாமாதம் கட்ட வேண்டியதால் சம்பளத்தை விட மனசு வராது. அப்படி அங்கேயே நின்றவர்கள் பலர், அதில் தப்பொன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கிறார்கள். கோர்ட்டில் நிற்க ஆசை என்றால் மட்டும் இதை யோசியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஹட்டனுக்கு வருவேன். வீட்டிலிருந்து போய் வரலாம், அறை வாடகையும் சாப்பாடும் மிச்சம், மேலே போட்ட கணக்கில் அந்த 27,000தான் பெரிய ஓட்டை. ஆனால் வருகிறதுக்கு முன்னால் வீட்டில் பேசி, ஒரு வருஷத்துக்கு என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், நானும் உங்களிடம் கேட்க மாட்டேன் என்ற அளவுக்காவது ஒரு ஏற்பாடு வேண்டும். பின்னேரம் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் வகுப்பு எடுத்தால் அந்த ஒரு வருஷம் ஓடிவிடும், ஹட்டனில் அதற்கு ஆள் தேடத் தேவையில்லை. தம்பியின் ஏ.எல். முடிகிற வரைக்குமாவது குடும்பச் செலவுக்கு நிச்சயமான காசு தேவை, வேறு வழியே இல்லை என்றால் சம்பள வேலைக்குப் போங்கள், அதையும் முடிந்தால் கண்டியில் பாருங்கள், சனி ஞாயிறில் ஊரில் உறுதி வேலை செய்யலாம், நிறுவனம் அனுமதித்தால்.

எப்போது ஒழுங்காகக் கொடுக்கலாம் என்று கேட்டீர்கள். நான் பார்த்த வரையில், சிங்களம் எழுதத் தெரிந்து, நொத்தாரிசும் எடுத்து, தினமும் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மூன்றாவது வருஷம் போல ஒரு தரை கிடைக்கிறது. அதற்குக் கீழே மாதம் இறங்காது என்கிற மாதிரி. அந்தத் தரையை உண்டாக்குவது புரோக்சிதான், அதாவது இந்த வழக்கில் எனக்கு இவர்தான் லோயர் என்று கட்சிக்காரர் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற பத்திரம். அந்தக் காலத்து அப்புக்காத்து (வாதாடுகிறவர்), பிறக்கிராசி (வழக்கைப் பதிந்து நடத்துகிறவர்) என்ற பிரிவை 1974இலிருந்து சட்டம் ஒன்றாக்கிவிட்டது, ஆனால் வேலை இன்னும் அப்படித்தான் நடக்கிறது. மாவட்ட நீதிமன்ற வழக்கில் புரோக்சி போட்ட லோயர் ஒருவர், வாதாடுகிற சீனியர் இன்னொருவர். புரோக்சி உங்கள் பெயரில் இருந்தால் அந்த வழக்கு எட்டு வருஷம் ஓடினாலும் அறிவித்தல் உங்களுக்குத்தான் வரும், ஒவ்வொரு படிக்கும் கட்டணம் உண்டு. ஐம்பது புரோக்சி கையில் இருக்கிறவருக்கு அடுத்த மாதம் என்ன ஆகும் என்ற பயம் குறைந்துவிடும். வரியைப் பற்றியும் கேட்பீர்கள், வருஷத்துக்கு 18 இலட்சம் வரைக்கும் வரி இல்லை, மாதத்துக்கு 150,000. அந்தக் கவலை வருகிற அன்றைக்கு எனக்கு ஒரு டீ வாங்கித் தாருங்கள். ஆனால் வரி இலக்கத்தை இப்போதே எடுத்து வையுங்கள், கம்பனி ஒன்று மாதம் 100,000க்கு மேல் கட்டணம் கொடுத்தால் 5% பிடித்துக்கொண்டுதான் தரும், அதைக் கணக்கில் காட்ட இலக்கம் வேண்டும்.

புரோக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொலிஸ் நிலைய வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று ஆள் பிடித்துத் தருகிறேன், எனக்குப் பாதி என்று ஒருவர் முதல் மாதமே வருவார். காசில்லாத நேரத்தில் வருவதால் ஆசை காட்டும். 1988இன் உயர் நீதிமன்ற ஒழுக்க விதிகளில் இதற்கு இடமில்லை, கறுப்புக் கோட்டே போய்விடும் அளவுக்கு வினையாகலாம். விதியை விடுங்கள், புரோக்கர் கொண்டு வந்த கட்சிக்காரர் புரோக்கரின் ஆள், அடுத்த மாதம் அவரை வேறொரு லோயரிடம் கூட்டிக்கொண்டு போவார்.

கடைசியாக, சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரில் பெரிய பெயர் யாருக்கு என்று பார்க்காமல் மூன்று விஷயம் கேளுங்கள், வெட்கப்படாமல். நாளுக்கா மாதத்துக்கா, எவ்வளவு தருவீர்கள்? எனக்கென்று வருகிற கட்சிக்காரரின் வழக்கை நானே செய்து கட்டணத்தை நானே எடுக்கலாமா? உங்களுடைய மாவட்ட நீதிமன்ற வழக்குகளில் சிலவற்றுக்காவது புரோக்சியை என் பெயரில் போடுவீர்களா? முதல் கேள்விக்குப் பதில் குறைவாக இருந்தாலும் இரண்டாவதும் மூன்றாவதும் ஆம் என்றால் போய்ச் சேருங்கள். முதலாவது தாராளமாக இருந்து இரண்டாவது முடியாது என்றால், அது நல்ல கிளார்க் வேலை, ஆறு மாதம் பழகிவிட்டு வேறு இடம் பாருங்கள். ஹட்டனில் அப்படி யாரும் அமையவில்லை என்றால் நுவரெலியாவிலும் கம்பளையிலும் விசாரியுங்கள், நாவலப்பிட்டிக் கோர்ட்டில் இருக்கிற இரண்டு மூன்று பேருடைய பெயரை நான் தனியாகச் சொல்கிறேன்.